டாக்டர் ஹூ ரசிகர்கள் ‘எழுத்து சரியில்லை’ என்னும்போது எதைச் சொல்கிறார்கள்?

1986ஆம் ஆண்டின் கடைசியில், பார்வையாளர்கள் கருத்துச் சொல்லும் பிபிசியின் ‘ஓப்பன் ஏர்’ நிகழ்ச்சியில் 16 வயது ரசிகர் ஒருவர் பேசினார். டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைத் தொடரின் அந்த ஆண்டுக் கதை அப்போதுதான் முடிந்திருந்தது. எழுத்து இன்னும் நன்றாக இருந்திருக்கலாம், எல்லாம் பார்த்துப் பழகியதுதான், தாழ்வாரங்களில் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது அவருடைய புகார். கதையின் கடைசிப் பகுதியை எழுதிய பிப் பேக்கர், ஜேன் பேக்கர் தம்பதியும் அந்த நிகழ்ச்சியில் இருந்தார்கள். அந்த ரசிகரின் பெயர் கிறிஸ் சிப்னல். 32 ஆண்டுகளுக்குப் பிறகு, 2018இல், அதே தொடரின் தலைமை எழுத்தாளராக அவருடைய முதல் பருவம் ஒளிபரப்பானது. அவர் காலத்து அத்தியாயங்களைப் பற்றி இன்று ரசிகர்கள் முதலில் சொல்லும் புகாரும் அதேதான்: எழுத்து சரியில்லை.

2025 மே 31 அன்று ஒளிபரப்பான பருவ இறுதி அத்தியாயத்துக்குப் பிறகு இந்தச் சண்டை இன்னும் சூடாகிவிட்டது. டிஸ்னி பிளஸ் தளத்தோடு இருந்த தயாரிப்புக் கூட்டு முடிந்தது, 2026 கிறிஸ்துமஸுக்கு ஒரு சிறப்பு அத்தியாயம் வரும், அதைத் தலைமை எழுத்தாளர் ரஸ்ஸல் டி. டேவிஸ் எழுதுவார் என்று 2025 அக்டோபரில் பிபிசி அறிவித்தது. தொடரைப் புதிதாகப் பார்க்க வருகிறவருக்குக் குழப்பம்தான் மிச்சம். ஒரே பருவத்தை ஒருவர் பொற்காலம் என்கிறார், இன்னொருவர் தொடரைக் கொன்ற பருவம் என்கிறார். இரண்டு பேரும் ‘எழுத்து’ என்ற ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். குழப்பம் தொடங்குவது அந்தச் சொல்லில்தான்.

முதலில் அடிப்படை

டாக்டர் ஹூவின் முதல் அத்தியாயம் 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் ஒளிபரப்பானது. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட். முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். கதை எளியது. ‘டாக்டர்’ என்று மட்டும் அழைக்கப்படும் வேற்றுக்கிரகவாசி ஒருவர், வெளியே போலீஸ் தொலைபேசிப் பெட்டி போலவும் உள்ளே மாளிகை போலவும் இருக்கும் டார்டிஸ் என்ற ஊர்தியில் காலத்திலும் விண்வெளியிலும் சுற்றுகிறார். கூடவே சில மனிதர்கள் பயணம் செய்கிறார்கள். அவர்களைத் துணைப்பயணிகள் என்று வைத்துக்கொள்வோம்.

1966இல் முதல் நாயகன் வில்லியம் ஹார்ட்னெல் உடல்நலம் குன்றியதால் விலக வேண்டியிருந்தது. தொடரை நிறுத்தாமல், டாக்டரின் உடல் வேறொருவராக மாறுவதுபோல எழுதிவிட்டார்கள். இந்த உருமாற்றத்தைத்தான் ரசிகர்கள் ரீஜெனரேஷன் என்கிறார்கள். எழுத்து விவாதம் முழுவதற்கும் அடிவேர் இந்த ஏற்பாடுதான். நாயகன் மாறலாம், துணைப்பயணிகள் மாறலாம், எழுதுகிறவர்களும் தயாரிக்கிறவர்களும் மாறலாம், ஆனால் தொடர் ஒன்றே. 1989இல் நின்று, 1996இல் ஒரு தொலைக்காட்சிப் படமாக எட்டிப்பார்த்து, 2005 மார்ச் 26 அன்று மறுபடி தொடங்கியபோதும் அது அதே கதையின் தொடர்ச்சியாகவே வந்தது.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். இந்தத் தொடருக்கு மூலநூல் கிடையாது. ‘இதுதான் சரி’ என்று தீர்ப்புச் சொல்லக்கூடிய மூல ஆசிரியரும் கிடையாது. நடந்தவற்றில் எது அதிகாரபூர்வமானது என்று பிபிசி பட்டியல் போட்டு வைக்கவும் இல்லை.

எழுதுவது யார்?

பழைய தொடரில் ஒவ்வொரு கதையையும் வெளியிலிருந்து ஓர் எழுத்தாளர் எழுதிக் கொடுப்பார். அதைச் சரிபார்த்து, வெட்டி ஒட்டி, படமாக்கக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவருபவர் ஸ்கிரிப்ட் எடிட்டர். தேவைப்பட்டால் அவரே முழுவதையும் திருப்பி எழுதுவார். 1976இல் ஒளிபரப்பான, டெரன்ஸ் டிக்ஸ் எழுதிக் கொடுத்த ஒரு கதையை அப்போதைய ஸ்கிரிப்ட் எடிட்டர் ராபர்ட் ஹோம்ஸ் பெரிதும் மாற்றினார். டிக்ஸ் கோபத்தில், என் பெயரை எடுத்துவிட்டு ஏதாவது சாதுவான புனைபெயரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். ‘சாது’வுக்கு அவர் சொன்ன ஆங்கிலச் சொல் ‘பிளாண்ட்’. திரையில் ‘ராபின் பிளாண்ட்’ என்று பெயர் போட்டார்கள். அதுதான் ‘தி பிரெய்ன் ஆஃப் மோர்பியஸ்’. 1979இல் வந்த ‘சிட்டி ஆஃப் டெத்’ கதைக்கு டேவிட் அக்ன்யூ என்று பெயர் இருக்கும். அப்படி ஒருவர் இல்லை. டேவிட் ஃபிஷர் கொடுத்த கதையை டக்ளஸ் ஆடம்ஸும் தயாரிப்பாளர் கிரஹாம் வில்லியம்ஸும் சேர்ந்து மாற்றி எழுதினார்கள்.

2005க்குப் பிறகு ஷோரன்னர் முறை வந்தது. எழுத்தும் தயாரிப்பும் ஒருவர் கையில். முதலில் ரஸ்ஸல் டி. டேவிஸ், 2010 முதல் 2017 வரை ஸ்டீவன் மாஃபட், 2018 முதல் 2022 வரை சிப்னல், 2023 முதல் மறுபடி டேவிஸ். ஷோரன்னர் பல அத்தியாயங்களைத் தானே எழுதுவார், மற்றவர்கள் எழுதியதையும் திருத்துவார். டேவிஸ் தன் முதல் காலத்தில் பலருடைய ஸ்கிரிப்டுகளைப் பெருமளவு திருத்தி எழுதினார், ஆனால் மாஃபட் எழுதியதைத் தொடவில்லை. ஆகவே திரையில் வரும் பெயரை மட்டும் பார்த்து ‘இவர் நல்ல எழுத்தாளர், அவர் மோசம்’ என்று சொல்வதில் நிறையப் பிழை நேரும்.

கதை, திரைக்கதை, வசனம். அப்புறம் தொடர்ச்சி

தமிழ்ப் படங்களின் பெயர் அட்டையில் ‘கதை, திரைக்கதை, வசனம்’ என்று மூன்றாகப் பிரித்துப் போடும் வழக்கம் நமக்குத் தெரியும். மூன்றையும் ஒருவரே செய்திருந்தாலும் மூன்று சொல்லையும் போடுவார்கள். டாக்டர் ஹூ விவாதத்தைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல கருவி இல்லை. ஆங்கில ரசிகர்கள் மூன்றையும் ‘எழுத்து’ என்ற ஒரே பையில் போட்டுவிட்டு, ஒருவர் ஒன்றை எடுத்து வாதிட, மற்றவர் வேறொன்றை எடுத்துப் பதில் சொல்கிறார். கூடவே, நீண்ட தொடருக்கே உரிய நான்காவது ஒன்றும் உண்டு.

1. கதை. கதைக்கரு, ஒரே வாக்கியத்தில் சொல்லக்கூடியது. 2007இல் மாஃபட் எழுதிய ‘பிளிங்க்’: நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்வரை கல்லாக இருக்கும், கண்ணிமைத்தால் நகரும் சிலைகள். இதை யாரிடம் சொன்னாலும் முதுகில் சில்லிடும். கரு விஷயத்தில் ரசிகர்களுக்குள் சண்டை குறைவு.

2. திரைக்கதை. எது முதலில், எது பிறகு, யார் முடிவெடுக்கிறார், சிக்கல் எப்படி அவிழ்கிறது என்பதெல்லாம் இதில் அடக்கம். உண்மையான சண்டைகளில் பெரும்பகுதி இங்கேதான், ஆனால் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுபவர்கள் குறைவு. டேவிஸின் பலவீனம் இங்கே தெரியும். 2007 பருவ இறுதியில் பூமி முழுவதும் மக்கள் ஒரே நேரத்தில் ‘டாக்டர்’ என்று நினைக்க, ஒடுங்கிச் சிறுத்துக் கிடந்த டாக்டர் ஒளி பொங்க எழுகிறார். அதுவரை கட்டிவந்த சிக்கலுக்கு அது ஈடான விடையே இல்லை. மாஃபட்டின் பலவீனம் வேறு வகை. 2010இல் டார்டிஸ் ஏன் வெடித்தது என்ற கேள்வியை எழுப்பிவிட்டு, 2013 கிறிஸ்துமஸ் அத்தியாயத்தில் சில வரிப் பேச்சில் விடை சொல்லிக் கடந்துவிட்டார். மூன்று ஆண்டு காத்திருந்தவர்களுக்கு அது போதவில்லை.

3. வசனம். பாத்திரம் பேசுவது அந்தப் பாத்திரத்திடமிருந்து வருகிறதா, பார்வையாளருக்குத் தகவல் சொல்ல வருகிறதா என்பதுதான் இங்கே கேள்வி. சிப்னல் காலத்தில் ஜோடி விட்டாக்கரின் டாக்டருக்கு மூன்று துணைப்பயணிகள்: கிரஹாம், ரயன், யாஸ். 50 நிமிடத்தில் நால்வருக்கும் வசனம் பங்கிட வேண்டும். விளைவு, ஒருவர் கேள்வி கேட்க டாக்டர் விளக்க, இன்னொருவர் கேள்வி கேட்க மறுபடி விளக்குவது. 1963இலும் மூன்று துணைப்பயணிகள் இருந்தார்களே என்று கேட்கலாம். இருந்தார்கள். ஆனால் டாலெக்குகள் என்ற எதிரிகள் வந்த முதல் கதை 25 நிமிடத்தில் ஏழு பகுதிகளாக ஓடியது, கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். நாலு பேருக்கும் நிதானமாக இடம் இருந்தது.

4. தொடர்ச்சி. முன்பு சொன்னதோடு இப்போது சொல்வது பொருந்துகிறதா? ரசிகர்கள் இதைக் கேனான் என்பார்கள். எழுத்தின் தரமும் இதுவும் வெவ்வேறு. ஆனாலும் பெரும்பாலான கோபம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

நான்காவதைக் கொஞ்சம் விரிக்க வேண்டும். 1976இல் ஹோம்ஸ் எழுதிய ‘தி டெட்லி அசாசின்’ ஒளிபரப்பானது. டாக்டரின் இனத்தவரான டைம் லார்டுகள் அதுவரை எட்டாத உயரத்தில் இருக்கும் தேவர்களைப் போல வந்துபோனார்கள். ஹோம்ஸ் அவர்களைத் தூசு படிந்த அங்கிகளோடு பதவிக்கு அடித்துக்கொள்ளும் கிழட்டு அரசியல்வாதிகளாகக் காட்டினார். ஒரு டைம் லார்டு 12 முறைதான் உருமாற முடியும் என்ற விதியும் அந்தக் கதையில்தான் வந்தது. அப்போதைய ரசிகர் சங்கத் தலைவர் கொதித்துப்போய் எழுதிய விமர்சனம், டாக்டர் ஹூவின் மாயத்துக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வியோடு முடிந்தது. இன்று அந்தக் கதை தொடரின் மிகச் சிறந்தவற்றில் ஒன்றாகப் பேசப்படுகிறது. அது கண்டுபிடித்த 12 என்ற விதியை மீறினால்தான் இப்போது ரசிகர்கள் கோபப்படுகிறார்கள். ஒரு தலைமுறைக்கு மரபை உடைத்த கதை, அடுத்த தலைமுறைக்கு மரபாகிவிட்டது.

இதே வகைத் தகராறு முதல் மாதத்திலேயே நடந்தது என்பதையும் சொல்லிவிடலாம். தொடரை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான சிட்னி நியூமன், பூச்சிக்கண் அரக்கர்கள் எதுவும் வரக் கூடாது என்று சொல்லியிருந்தார். லாம்பர்ட் டாலெக்குகளைக் கொண்டுவந்தார். நியூமனுக்குக் கோபம். ஆனால் தொடரைக் காப்பாற்றியது டாலெக்குகள்தான்.

சிப்னல் காலத்தில் உண்மையில் என்ன குறை?

2018இல் வந்த மாற்றங்களில் கண்ணில் பட்டது ஒன்றுதான்: முதன்முதலாக டாக்டர் ஒரு பெண். ஒரு காட்சிகூட ஒளிபரப்பாகும் முன்பே அதற்காகவே தொடரை வெறுத்தவர்கள் இருந்தார்கள். அவர்களும் பிறகு ‘எழுத்து மோசம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். இதனால் இரண்டு அநியாயங்கள் நடந்தன. உண்மையான குறையைச் சொன்னவர்கள் பெண்வெறுப்பாளர்கள் என்று ஒதுக்கப்பட்டார்கள். வெறும் வெறுப்பு, விமர்சனம் என்ற மரியாதையைப் பெற்றது. இரண்டையும் பிரிக்க ஒரு வழிதான் உண்டு. அத்தியாயத்தைப் பெயர் சொல்லி, காட்சியைச் சொல்லி, என்ன தவறு என்று சொல்ல வேண்டும்.

‘அராக்னிட்ஸ் இன் தி யூகே’ (2018 அக்டோபர் 28). ஷெஃபீல்டில் ராட்சதச் சிலந்திகள். எழுதியவர் சிப்னல். சிலந்திகளை ஓர் அறைக்குள் வரவழைத்து அடைத்துவிடுவது டாக்டரின் திட்டம். பெரிய தாய்ச்சிலந்தி தன் உடல் எடை தாங்காமல் மூச்சுத் திணறிச் செத்துக்கொண்டிருக்கிறது. பணக்காரன் ராபர்ட்சன் அதைச் சுடுகிறான். அது கருணையற்ற செயல் என்று டாக்டர் கண்டிக்கிறார். ஆனால் அடைக்கப்பட்ட சிலந்திகள் என்ன ஆகும் என்பது சொல்லப்படவே இல்லை. ராபர்ட்சன் எந்த விளைவும் இல்லாமல் நடந்து போய்விடுகிறான். கரு நல்ல கருதான், வசனமும் மோசமில்லை. முடிச்சு அவிழாமலே கதை நின்றுவிடுவதால் இது திரைக்கதைக் கோளாறு.

‘டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்’ (2018 நவம்பர் 11). சரியாக இரண்டு வாரம் கழித்து, அதே பருவம், அதே ஷோரன்னர். எழுதியவர் வினய் படேல். 1947 ஆகஸ்ட், பிரிவினை நாட்கள். யாஸின் பாட்டி உம்ப்ரீன் ஒரு முஸ்லிம், அவர் கல்யாணம் செய்துகொள்ளப் போகும் பிரேம் ஓர் இந்து. வேற்றுக்கிரகவாசிகள் கொலை செய்ய வந்திருக்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். துணையின்றிச் சாகிறவர்களுக்குச் சாட்சியாக நிற்க வந்தவர்கள் அவர்கள் என்று பிறகு தெரிகிறது. கொல்வது பக்கத்து வீட்டுக்காரர்களும் சொந்தத் தம்பியின் வெறியும். டாக்டரால் தடுக்க முடியாது. தடுத்தால் யாஸ் பிறக்க மாட்டாள். கையைக் கட்டிக்கொண்டு விலகிப் போவதே இங்கே நாயகி எடுக்கும் கடினமான முடிவு. சிப்னல் காலத்தை ஒரேயடியாகக் குப்பை என்பவர்களுக்கு என் பதில் இந்த அத்தியாயம்தான்.

‘கெர்ப்ளாம்!’ (2018). பீட் மெக்டை எழுதியது. பிரம்மாண்டமான கிடங்கிலிருந்து அண்டமெங்கும் பொட்டலம் அனுப்பும் ஒரு நிறுவனம். மனிதத் தொழிலாளர்கள் பிழியப்படுகிறார்கள். கடைசியில் வில்லன் அந்த நிறுவனத்தை எதிர்க்கும் ஓர் இளைஞன். அமைப்பில் பிரச்சினை இல்லை, அதை மனிதர்கள் பயன்படுத்தும் விதத்தில்தான் பிரச்சினை என்கிறார் டாக்டர். ரசிகர்கள் இதையும் ‘மோசமான எழுத்து’ பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஆனால் திரைக்கதையைப் பார்த்தால் அது கச்சிதமாக முடிச்சுப் போட்டு அவிழ்க்கிறது. அவர்களுக்குப் பிடிக்காதது அதன் நியாயம். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. அநியாயத்தைக் கண்டால் அமைப்பையே கவிழ்த்துவிட்டுப் போகும் டாக்டர் இப்படிப் பேசுவது உறுத்துகிறது. இருந்தாலும் அதைக் கைத்திறன் குறை என்று சொல்லக் கூடாது, கருத்து வேறுபாடு என்றுதான் சொல்ல வேண்டும்.

டைம்லெஸ் சைல்டு: எங்கே தவறியது?

2020 மார்ச் 1 அன்று ஒளிபரப்பான ‘தி டைம்லெஸ் சில்ட்ரன்’ அளவுக்கு ரசிகர்களைப் பிளந்த அத்தியாயம் சமீபத்தில் வேறில்லை. கதைச் சுருக்கம் இது. டெக்டியூன் என்ற பெண் ஒரு மர்ம வாயிலின் கீழே அநாதைக் குழந்தையைக் கண்டெடுக்கிறாள். அந்தக் குழந்தை செத்தும் உருமாறி எழுகிறது. டெக்டியூன் அதன்மீது திரும்பத் திரும்பச் சோதனை நடத்தி, உருமாறும் சக்தியைப் பிரித்தெடுத்துத் தன் இனத்துக்குக் கொடுக்கிறாள். அப்படித்தான் டைம் லார்டுகள் உருவானார்கள். அந்தக் குழந்தைதான் டாக்டர். ஹார்ட்னெல் முதல் டாக்டர் அல்ல, அவருக்கு முன் எண்ணற்ற வாழ்க்கைகள் இருந்தன, எல்லாம் நினைவிலிருந்து அழிக்கப்பட்டுவிட்டன.

பெரும்பாலான கண்டனம் தொடர்ச்சியைப் பற்றியது: 56 ஆண்டு வரலாற்றைச் சிப்னல் அழித்துவிட்டார் என்பது. இந்த வாதம் நிற்காது. மேலே சொன்ன ‘தி பிரெய்ன் ஆஃப் மோர்பியஸ்’ கதையில், ஹார்ட்னெல்லுக்கு முன்பு டாக்டருக்கு வேறு முகங்கள் இருந்ததுபோல எட்டு முகங்கள் திரையில் வந்தன. அது 1976. சிப்னல் கையில் எடுத்தது அந்தப் பழைய இழையைத்தான்.

என் பார்வையில் உண்மையான தவறு திரைக்கதையில் இருக்கிறது. மூன்று இடங்களைக் காட்ட முடியும்:

1. டாக்டர் ஒரே இடத்தில் சிறைப்பட்டு நிற்கிறார். அவருடைய எதிரியான மாஸ்டர் பக்கத்தில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் கதையாகச் சொல்கிறார். ஓர் உண்மையைத் தேடிக் கண்டுபிடிக்கும் நாயகிக்கும், உட்கார வைத்து உண்மை சொல்லப்படும் நாயகிக்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

2. அந்த உண்மை தெரிந்த பிறகு டாக்டர் வேறுவிதமாக எதையும் செய்வதில்லை. உச்சக்கட்டத்தில் எல்லாவற்றையும் அழிக்கும் குண்டை வெடிக்க அவரால் முடியவில்லை. கோ ஷார்மஸ் என்ற முதியவர் வந்து, நான் செய்கிறேன், நீ போ என்று வாங்கிக்கொள்கிறார். முக்கியமான முடிவு துணைப்பாத்திரத்தின் கைக்குப் போய்விடுகிறது.

3. 2021இல் வந்த ‘ஃப்ளக்ஸ்’ கதையில் அழிக்கப்பட்ட நினைவுகள் அடங்கிய சட்டைப்பைக் கடிகாரம் டாக்டரிடம் வருகிறது. திறந்து பார்க்காமல் டார்டிஸின் ஆழத்தில் போட்டுவிடுகிறார். இவ்வளவு பெரிய கேள்வியை எழுப்பியவர் அதன் விடையைத் தொடாமலே விட்டுவிட்டார்.

பிறகு நடந்தது இதற்கு நல்ல சான்று. 2023இல் திரும்பி வந்த டேவிஸ் இந்த வரலாற்றை அழிக்கவில்லை. ஷூட்டி கட்வா நடித்த டாக்டருக்குத் துணையாக ரூபி சண்டே என்ற பெண்ணை எழுதினார். தேவாலய வாசலில் கிடந்து வளர்ப்புத் தாயிடம் வளர்ந்தவள். அவளிடம் டாக்டர், நானும் கண்டெடுக்கப்பட்ட பிள்ளைதான் என்கிறார். சிப்னல் போட்ட அதே கருதான் இது. டேவிஸ் கையில் அது இரண்டு பேருக்கு இடையிலான உறவாகிவிட்டது. கரு ஒன்றே, கையாண்ட விதம் வேறு.

எண்களை வைத்துத் தீர்க்க முடியுமா?

விவாதம் முற்றும்போது யாராவது ஓர் எண்ணைக் கொண்டுவந்து போடுவார்கள். எண்கள் எதை அளக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

1. பார்வையாளர் எண்ணிக்கை. ‘சிட்டி ஆஃப் டெத்’ கதையின் கடைசிப் பகுதியை 1979இல் 1 கோடியே 61 லட்சம் பேர் பார்த்தார்கள். தொடரின் வரலாற்றிலேயே உச்சம். கதை அருமையானது, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வாரங்களில் போட்டி அலைவரிசையான ஐடிவி வேலைநிறுத்தத்தால் இருண்டு கிடந்தது. 2018இல் சிப்னலின் முதல் அத்தியாயத்தை ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் பேர் பார்த்தார்கள். அது 2005இல் டேவிஸின் முதல் அத்தியாயம் பெற்றதைவிடச் சற்றே அதிகம். புது டாக்டரைப் பார்க்கும் ஆவல் அது. அந்த அத்தியாயத்தின் எழுத்தைப் பார்த்துவிட்டு யாரும் தொலைக்காட்சியைப் போடவில்லை.

2. ரசனைக் குறியீடு. பிபிசி ஒரு குழுவிடம் நிகழ்ச்சிக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டு, சராசரியை நூறுக்கு மாற்றிச் சொல்லும். 2008 பருவ இறுதியான ‘ஜர்னீஸ் எண்ட்’ 91 வாங்கியது. அதன் சிக்கல் அவிழும் விதம், சில பொத்தான்களை அழுத்தி எதிரியை முடக்குவது, இன்றும் கேலி செய்யப்படுகிறது. அந்த 91 துணைப்பயணி டானாவின் பிரிவுக்காக மக்கள் விட்ட கண்ணீரின் மதிப்பெண் என்று நினைக்கிறேன்.

3. ரசிகர் வாக்கெடுப்பு. தொடருக்கென்றே வரும் டாக்டர் ஹூ மேகசின் 2009இல் அதுவரை வந்த 200 கதைகளையும் வாசகர்களைக் கொண்டு வரிசைப்படுத்தியது. முதலிடம் ‘தி கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோசானி’. கடைசி இடம் ‘தி ட்வின் டிலெம்மா’. முதலிடக் கதை 1984 மார்ச் 16 அன்று முடிந்தது. கடைசி இடக் கதை மார்ச் 22 அன்று தொடங்கியது. இடையில் ஆறு நாள். ஒரே தயாரிப்பாளர், ஒரே ஸ்கிரிப்ட் எடிட்டர். எழுதியவர்கள் வேறு, இயக்கியவர்களும் வேறு.

இந்த மூன்றாவதை ரசிகர்கள் அடிக்கடி நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ‘அந்தக் காலம் நன்றாக இருந்தது, இந்தக் காலம் மோசம்’ என்று காலத்தை மொத்தமாகத் தூக்கி எறியும் பேச்சுக்கு இதைவிடக் கடினமான பதில் கிடையாது.

நினைவும் ஏமாற்றும். 1960களின் அத்தியாயங்களில் 90க்கும் மேற்பட்டவை பிபிசியிடம் இல்லை. நாடாக்கள் அழிக்கப்பட்டுவிட்டன. ஒலிப்பதிவும் புகைப்படமும் நாவல் வடிவமும் மட்டும் இருந்ததால் சில கதைகள் கற்பனையில் வளர்ந்தன, சில தேய்ந்தன. ‘தி எனிமி ஆஃப் தி வேர்ல்டு’ சுமாரான கதை என்றே பல காலம் சொல்லப்பட்டது. நைஜீரியாவில் கிடைத்து 2013இல் வெளியான படச்சுருள்களைப் பார்த்தபோது, இரண்டாவது டாக்டரான பேட்ரிக் ட்ரௌட்டன் இரட்டை வேடத்தில் செய்திருந்ததைக் கண்டு ரசிகர்கள் மனம் மாறினார்கள். எழுத்து ஒரு வரிகூட மாறவில்லை.

எழுதும் சூழல்

தரம் ஒருவருடைய திறமையால் மட்டும் வருவதல்ல. 2005 முதல் 2008 வரை ஒவ்வொரு பருவத்துக்கும் 13 அத்தியாயம், கூடவே கிறிஸ்துமஸ் சிறப்பு. ஒரு சாதாரண ஊரில் சாதாரணச் சாகசம் என்று இரண்டு மூன்று அத்தியாயங்களைச் செலவழிக்க இடம் இருந்தது. பாத்திரங்கள் நமக்குப் பழகியது அங்கேதான். 2018இல் இது 10 ஆகக் குறைந்தது. 2021இல் கொரோனாக் கட்டுப்பாடுகளால் 6. 2024, 2025 பருவங்களில் தலா 8. அதிலும் பருவம் முழுக்க ஓடும் பெரிய மர்மத்துக்கு விடை சொல்ல வேண்டும். 2024 பருவத்தில் ரூபியின் தாய் யார் என்று கேட்டுக்கொண்டே வந்து, அவள் சாதாரணப் பெண் என்று முடித்தார் டேவிஸ். கருவாக அது அழகான விடை. ஆனால் பனி பொழிவதும் தேவர்களே அஞ்சுவதுமாக அதற்கு முன் காட்டிய அறிகுறிகளைச் சரிக்கட்ட எட்டு அத்தியாயத்தில் நேரம் போதவில்லை.

பழைய தொடரில் சிக்கல் தலைகீழ். ஆறு பகுதி ஓடவேண்டிய கதைக்கு நான்கு பகுதிச் சரக்குதான் இருக்கும். வாரப் பத்திரிகைத் தொடர்கதை மாதிரி ஒவ்வொரு 25 நிமிட முடிவிலும் ‘தொடரும்’ போட ஓர் ஆபத்து வேண்டும். ஆகவே பிடிபடுவார்கள், தப்பிப்பார்கள், மறுபடி பிடிபடுவார்கள். தாழ்வாரத்தில் ஓடுவது அங்கிருந்து வந்த பழக்கம்.

1986 கதைக்கு வருவோம். அது 14 பகுதிகள் கொண்ட ஒரே நீண்ட கதை, டாக்டர்மீது நடக்கும் ஒரு வழக்கு விசாரணை. கடைசி இரண்டு பகுதிகளை எழுத வேண்டியவர் ராபர்ட் ஹோம்ஸ். அந்த ஆண்டு மே மாதம், முடிக்காமலே அவர் இறந்துவிட்டார். ஸ்கிரிப்ட் எடிட்டர் எரிக் சாவர்ட் 14ஆம் பகுதியை எழுதினார். முடிவு எப்படி இருக்க வேண்டும் என்பதில் தயாரிப்பாளர் ஜான் நேதன் டர்னரோடு அவருக்கு மோதல் முற்றி, தன் ஸ்கிரிப்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். படப்பிடிப்பு நெருங்கிவிட்ட நேரத்தில் அந்தப் பொறுப்பு பிப், ஜேன் பேக்கர் கைக்கு வந்தது. கொடுக்கப்பட்டது 13ஆம் பகுதி மட்டும். சாவர்ட் கதையை எப்படி முடித்திருந்தார் என்று சொல்லச் சட்டப்படி முடியாது. எதுவும் சொல்லப்படவில்லை என்பதற்குச் சாட்சியாக ஒருவரை உட்கார வைத்துத்தான் அவர்களிடம் பேசினார்கள். மற்றவர்கள் போட்ட முடிச்சுகளை, விடை தெரியாமல், சில நாட்களில் அவிழ்த்து எழுதினார்கள்.

‘ஓப்பன் ஏர்’ அரங்கில் அந்த 16 வயது ரசிகர் கேள்வி கேட்டபோது அவர்களுக்குப் பின்னால் இருந்த கதை இது. ரசிகர் பார்த்த குறை திரையில் இருந்தது உண்மை. அந்தப் பகுதியை இன்று போட்டுப் பார்த்தாலும் அது அங்கேயே இருக்கிறது.